லீவுக் காசும் தீம் பார்க் வரிசையும்

எங்கள் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலை மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில், வளைகுடாவில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. அவர்கள் லீவில் வருகிற மாசத்துக்கு முன்னாடியே வீட்டில் வேலைகள் சேர்ந்துவிடும். ஓடு ஒழுகுவதைச் சரிபண்ண வேண்டும், பல் டாக்டரைப் பார்க்க வேண்டும், போக முடியாமல் போன கல்யாண வீடுகளுக்கு ஒரு எட்டு போய்வர வேண்டும், அப்புறம் பிள்ளைகளுக்கு ஒரு டூர். முன்பெல்லாம் அந்த டூர் திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், மிஞ்சிப்போனால் கோவளம் என்று முடிந்துவிடும். இப்போது பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டு ரோலர் கோஸ்டரின் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். வருஷம் முழுக்கப் பக்கத்தில் இல்லாத குறையை அந்த ஒரு டூரில் தீர்த்துவிடலாம் என்று அப்பாக்களும் விலையைக் கேட்காமல் சரி என்கிறார்கள். மஸ்கட்டில் இருக்கும் என் தம்பியும் இப்போது அதே இடத்தில்தான் நிற்கிறான். வெளிநாட்டுப் பேக்கேஜ் ஒன்றின் விலையை அனுப்பி, "அக்கா, இவ்வளவு காசு குடுக்கலாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொச்சியில் இருக்கிற வொண்டர்லா மாதிரி ஒரு தீம் பார்க், நாள் பார்த்துப் போனால், கொடுக்கிற காசுக்குத் தகும். விமானம் ஏறிப் போகும் பெரிய பார்க், சின்னப் பிள்ளையும் வயதானவர்களும் உள்ள குடும்பத்துக்கு, இன்றைக்கு விற்கிற விலையில் தகாது. தொகை பெரியது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சேர்ந்து இருக்கத்தான் நாம் காசு கொடுக்கிறோம், அங்கே அந்தக் காசு நம்மை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துவிடுகிறது.

கொச்சியில் இப்போது வொண்டர்லா என்று இருப்பது 2000-இல் வீகாலாந்து என்ற பெயரில் திறந்தது. அதற்குப் பிறகு எங்கள் மாவட்டப் பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷனே மாறிப்போனது. நானும் அப்படி ஒரு பள்ளிக்கூடப் பஸ்ஸில் போனவள்தான். வாசலில் டிக்கெட் எடுத்துவிட்டால் உள்ளே எத்தனை தடவை ஏறினாலும் யாரும் காசு கேட்க மாட்டார்கள் என்று டீச்சர் சொன்னபோது எங்களில் பாதிப் பேர் நம்பவில்லை. எங்களுக்குத் தெரிந்த ராட்டினம் கோட்டாறு சவேரியார் திருவிழாவிலும் மண்டைக்காட்டுக் கொடையிலும் சுற்றுவது. அங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் காசு. கையில் காசு உள்ள வீட்டுப் பிள்ளை திரும்பத் திரும்ப ஏறும், மற்றவர்கள் ஒரு தடவை ஏறி இறங்கி, மரணக்கிணற்றில் பைக் ஓடும் சத்தத்தை வெளியில் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். கொச்சியில் அந்த வாசலைத் தாண்டியதும் டாக்டர் மகளும் ரப்பர் வெட்டுகிறவர் மகளும் ஒரே வரிசையில் நின்றார்கள், ஒரே பெட்டியில் ஏறினார்கள். சின்ன வயசில் எனக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

பல வருஷம் கழித்து, என் வீட்டுக்காரர் லீவு ஜூலையில் விழுந்தபோது, குடும்பமாகப் போனோம். ஜூலை என்றால் மழை, பள்ளிக்கூடமும் உண்டு. இரண்டு காரணத்தாலும் கூட்டம் குறைவு. பிள்ளைகளுக்குப் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, இரணியலில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறினோம். வாழையிலையில் கட்டின சோறு, துவையல், ஒரு சீப்பு மட்டிப்பழம். மாலையில் எர்ணாகுளம், ராத்திரி அங்கேயே தங்கல், மறுநாள் காலையில் காக்கநாடு தாண்டிப் பள்ளிக்கரை. போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், அங்கே பிள்ளைகளுக்கு டிக்கெட் வயசைப் பார்த்து இல்லை, உயரத்தைப் பார்த்து. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 140 வரை பிள்ளைகள் டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட்தான். வீட்டிலேயே கதவு நிலையில் நிற்கவைத்து அளந்துவிட்டுப் போனால் கணக்கு சரியாக வரும். வாரநாள் விலையும் விடுமுறை நாள் விலையும் வேறுவேறு, முன்கூட்டியே இணையத்தில் பார்த்து எடுப்பது நல்லது. வயதானவர்களுக்குச் சலுகை உண்டு.

அடுத்தது உடுப்பு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நம் ஊர்ப் பெண்கள் அங்கே போய்ச் சங்கடப்படுவது இதில்தான். தண்ணீரில் இறங்க நைலான், லைக்ரா மாதிரித் துணிதான் போட வேண்டும். பருத்தி நனைந்தால் கனத்துவிடும், சறுக்கில் பிடிக்கும், நூல் பிரிந்து வடிகட்டியில் போய் அடைக்கும். காரணம் நியாயமானது. ஆனால் சேலையிலும் சுடிதாரிலும் வந்த அம்மாக்கள், அத்தைகள், மைனிமார் எல்லாம் முழு டிக்கெட் கொடுத்துவிட்டுப் பைகளுக்குக் காவலாகக் கரையில் உட்கார்ந்திருப்பதை எந்த வாட்டர் பார்க்கிலும் பார்க்கலாம். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. அதனால் நாகர்கோவிலிலேயே அம்மாவுக்கும் முழுக்கை வைத்த நைலான் உடுப்பு ஒன்று வாங்கிவிட்டேன். "எனக்கு இந்த வயசுல இது எதுக்கு மக்களே, நான் சாமானங்களப் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று அம்மா ரொம்ப நேரம் மறுத்தாள். பையெல்லாம் லாக்கரில் பூட்டிவிட்டோம், பார்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்றதும்தான் எழுந்து வந்தாள்.

முட்டுவலிக்காரிக்கு மெதுவாக ஓடும் அந்தத் தண்ணீர் ஓடை எவ்வளவு சுகம் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. டியூபில் சாய்ந்து சுற்றிச் சுற்றி வந்தாள். அலைக்குளத்தில் எல்லோரும் சேர்ந்து நின்றோம், அம்மா, அவர், மகன், இளையவள், நான். பெரிய சவாரி பலவற்றில் இளையவளை ஏற்ற மாட்டார்கள், அம்மாவால் ஏற முடியாது, ஆனால் அந்த அலைக்கு வயசும் இல்லை உயரமும் இல்லை, ஐந்து பேரையும் ஒன்றாகத் தூக்கி ஒன்றாக இறக்கியது. மதியத்துக்கு முன்னாடியே மகனும் அவரும் தண்ணீர் இல்லாத சவாரிகளில் வேண்டியமட்டும் ஏறிவிட்டார்கள். இடையில் நல்ல மழை பிடித்தது, உயரமான சவாரிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். பாதுகாப்புக்குத்தான். ஏற்கெனவே நனைந்திருந்த எங்களுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. கொடுத்த காசு ஒவ்வொரு ரூபாயும் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது என்று தைரியமாகச் சொல்வேன்.

அடுத்த லீவு பள்ளி விடுமுறையோடு சேர்ந்து வந்தது. அவர் ஆசைப்பட்டு, திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறி, உலகமே பேசும் பெரிய பார்க் ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம். நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும்: சுத்தம், கழிப்பறை, சவாரிகளின் தரம், இருட்டுக்குள் பெட்டி திரும்பும்போது சுவர் முழுக்க உயிரோடு எழுந்து வரும் காட்சி, இதெல்லாம் நம் ஊரில் இன்னும் வரவில்லை. மகன் ஒரு சவாரியில் இருந்து இறங்கி வந்தபோது அவன் முகத்தில் இருந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அந்தச் சவாரி ஐந்து நிமிஷம்கூட இல்லை. அதற்கு நின்ற வரிசை இரண்டு மணி நேரத்துக்கும் மேல். வரிசைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாதை, அதில் ஆட்கள் நிற்காமல் நடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். நுழைவு டிக்கெட்டுக்கு மேல் கிட்டத்தட்ட இன்னொரு டிக்கெட் விலை கொடுத்தால் அந்தப் பாதை. இரண்டு பாதையும் சேருகிற இடத்தில் ஒரு பணியாளர் நிற்பார். வேகப்பாதையில் இருந்து ஒரு பெருங்கூட்டத்தை அனுப்பிவிட்டு, நம் பக்கத்தில் இருந்து ஒரு சின்னக் கூட்டத்தை விடுவார். ஆக, அந்தப் பாதை எவ்வளவுக்கு விற்கிறதோ அவ்வளவுக்கு நம் வரிசை நீளும். நம் கோயில்களில் சிறப்பு தரிசன வரிசை பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. சாமி கும்பிடப் போகிறவர் பொறுத்துக்கொள்வார், வெயிலில் நிற்கும் ஏழு வயசுப் பிள்ளை எப்படிப் பொறுக்கும்?

நாலு பேருக்கும் வாங்குவது நடக்காத காரியம். இளையவளுக்கு உயரமும் போதாது. அதனால் அவருக்கும் மகனுக்கும் மட்டும் வாங்கினோம். அவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், நானும் இளையவளும் ஒரு பக்கம். சாயங்காலம் வாணவேடிக்கைக்குத்தான் ஒன்றாகச் சேர்ந்தோம். அம்மா அந்தப் பயணத்துக்கே வரவில்லை, அவ்வளவு நடக்க முடியாது என்று வீட்டில் இருந்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற மாசத்தில் ஒரு பகல் முழுக்க மகள் அப்பாவைப் பார்க்காமல் சுற்றினாள், அதுவும் அப்பாவோடு போன டூரில். இதற்குத்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த வேகப்பாதை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 1955-இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்தபோது வாசலுக்கு ஒரு டாலர், உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனி டிக்கெட். நம் திருவிழா ராட்டினம் போலவேதான். அந்தந்தச் சவாரியின் மவுசுக்குத் தகுந்தபடி ஏ, பி, சி என்று சீட்டுகள் பிரித்திருந்தார்கள், பிறகு இ வரை போனது. 1982-இல் அந்தச் சீட்டுகளை எடுத்துவிட்டு, ஒரே டிக்கெட்டில் எல்லாச் சவாரியும் என்று மாற்றினார்கள். 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது, அப்போது அது இலவசம், டிக்கெட் வாங்கிய யாரும் ஒரு நேரம் குறித்துக்கொண்டு திரும்பி வந்து ஏறலாம். 2021-இல் அதை நிறுத்திவிட்டுக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். சுற்றி வந்து 1955-க்கே போய்விட்டது, ஒரு வித்தியாசத்தோடு: அன்றைக்கு வாசலில் ஒரு டாலர்தான். ஃபுளோரிடாவில் 1971-இல் திறந்த அவர்களின் பார்க்குக்கு அப்போது மூன்றரை டாலர் நுழைவு. இப்போது கூட்டம் மிகுந்த நாளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலரைத் தாண்டுகிறது, நம் காசில் 17,000 ரூபாய்க்கு மேல். வேகப்பாதை அதற்குமேல் தனி.

விலை ஏறுவதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய ரோலர் கோஸ்டர் எல்லாம் சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து மாதிரி நாடுகளில் இருந்து வருவது, தினமும் சோதனை ஓட்டம் ஓட்டித்தான் ஆளை ஏற்ற வேண்டும். நம் நாட்டில் வரியும் உண்டு. 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியை 2018 ஜனவரியில் 18 ஆக்கினார்கள். தரமான பார்க்குக்குக் காசு கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. வாசலில் முழுக் காசு வாங்கிவிட்டு, உள்ளே போனபிறகு காத்திருக்காமல் இருப்பதற்கு மறுபடியும் காசு கேட்பதுதான் சரியில்லை என்கிறேன். இந்த முறை நம் பக்கத்துப் பார்க்குகளுக்கும் வந்துவிட்டது, கொச்சியிலும் வேக டிக்கெட் உண்டு. ஆனால் நாங்கள் போனது மாதிரி ஒரு வாரநாளில் அதற்குத் தேவையே வராது. ஓணம், கிறிஸ்துமஸ், ஏப்ரல் மே மாதங்களில் போனால் கதை வேறு.

அதனால் தம்பிக்கு எழுதியது இதுதான். வீட்டில் எல்லோரும் 140 சென்டிமீட்டர் தாண்டியவர்கள், நடக்கத் தெம்புள்ளவர்கள், கையில் இருக்கிற காசு, கடன் இல்லை என்றால் வெளிநாட்டுப் பார்க்குக்குப் போகலாம், அந்தச் சவாரிகள் ஒரு தடவை அனுபவிக்க வேண்டியவைதான், வேகப்பாதைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு போ. உன் மகளுக்கு இப்போது நாலு வயசு. தவணையில் கட்டும் பேக்கேஜ் எடுத்துக்கொண்டு போய் அவளை உயரம் அளக்கும் பலகைக்கு முன்னால் நிற்கவைக்காதே. கன்னியாகுமரியிலேயே சன்செட் பாயின்ட் பக்கம் பேவாட்ச் வாட்டர் பார்க் இருக்கிறது, அவள் வயசுக்கு அந்தத் தண்ணீரே தாராளம். அரைநாள் அங்கே, அப்புறம் படகில் போய் 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் விவேகானந்தர் பாறையில் இருந்து வள்ளுவர் சிலைக்கு நடத்திக் கூட்டிப்போ, 77 மீட்டர் நீளம், காலடியில் கடல் தெரியும், அதற்கு உயரக் கணக்கு எதுவும் கிடையாது. ரோலர் கோஸ்டர் ஆசை உனக்குத்தான் என்றால் 2025 டிசம்பரில் சென்னை திருப்போரூர் பக்கம் புதிய வொண்டர்லா திறந்துவிட்டார்கள், நாகர்கோவிலில் இருந்து வந்தே பாரத் ஏறினால் சென்னை.

"கொள்ளாம் அக்கா, ஆனா அவளுக்க அம்மை ஒத்துக்கணுமே" என்று பதில் போட்டிருந்தான். அவன் வீட்டுக்காரி, என் மைனியிடம் நானே பேசினேன். அவனுக்கு லீவு ஜனவரியில், பொங்கல் கூட்டம் கழிந்த வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ பார்த்து கொச்சிக்கு எல்லோருமாகப் போவது என்று முடிவு. மைனிக்கும் அத்தைக்கும் உடுப்பு அளவு வாங்கி வைத்திருக்கிறேன்.