அடிபம்பு ஊழியம்: மலாவி நாட்குறிப்பு

ஜூலை 2, 2024, செவ்வாய்

மும்பை, அடிஸ் அபாபா, பிளாண்டைர், அப்புறம் ஒரு பிக்கப் வண்டியின் பின்பக்கம். இப்படியாகச் சபை ஊழியத்துக்கு நாங்கள் ஆறு பேர் மலாவியில் முலாஞ்சே மலைப் பக்கத்து ஊர் வந்து சேர்ந்தோம். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தான் என்று நாலு அரைக்கைச் சட்டையை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு வந்தவன் நான்; சபையில் ஒரு அக்கா ஸ்வெட்டர் கொடுத்தபோது சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். முலாஞ்சே மலை 3,000 மீட்டர் உயரம். ஜூன், ஜூலையில் மொசாம்பிக் பக்கமிருந்து ஒரு குளிர்ந்த சாரல் வந்து இந்த மலையில் மோதி நாள்கணக்கில் நகராமல் நிற்குமாம், அதற்கு சிபெரோனி என்று பெயர். குற்றாலச் சாரலில் இடுப்புத் துண்டோடு நின்றவன் இங்கே இரண்டு போர்வைக்குள் கிடக்கிறேன். வழியெல்லாம் தேயிலைத் தோட்டம், வால்பாறை மாதிரியே.

ஜூலை 3, புதன்

சாப்பாடு பற்றி பயந்ததெல்லாம் வீண். நசீமா என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி, அவ்வளவுதான். கை கழுவ வீட்டுக்காரம்மா சொம்பில் தண்ணீர் ஊற்றுகிறார், வலது கையால் உருட்டிக் குழிவு செய்து, பூசணி இலையும் நிலக்கடலைப் பொடியும் சேர்த்த குழம்பைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். கூடவே உசீபா, ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடி மீன், நம் நெத்திலிக் கருவாட்டுக்குச் சித்தப்பா மகன். எனக்கு மூன்றாவது உருண்டை வைத்தபோதுதான் யோசித்தேன், இந்த வருஷம் மழை பொய்த்து சோளம் சரியாக விளையவில்லை, மார்ச்சில் 23 மாவட்டங்களைப் பேரிடர்ப் பகுதி என்று அறிவித்திருக்கிறார்கள். மூன்றாவது உருண்டையைச் சாப்பிட்டுவிட்டேன், மறுத்தால் அவர் முகம் வாடும். நாலாவதுக்குத்தான் வயிற்றைத் தடவிக் காட்டினேன்.

ஜூலை 4, வியாழன்

எங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாட வகுப்பு, இரண்டு பேர் நர்சு, ஒருவர் டீம் லீடர். நான் அடிபம்பு. ஊராட்சி ஒன்றியத்தில் முப்பது வருஷம் நம் ஊர்த் தெருக்களில் நிற்கிற மார்க் டூ அடிபம்பு கழற்றி மாட்டிய அனுபவம் இருக்கிறதே என்றுதான் கூட்டிவந்தார்கள்.

போய்ப் பார்த்தால் இது மார்க் டூ இல்லை. ஆஃப்ரிடெவ் என்று வேறொரு வகை அடிபம்பு. உள்ளே சங்கிலி இல்லை, இரும்புக் குழாய் இல்லை, பி.வி.சி. குழாய்க்குள் கொக்கி போட்ட ராடுகள். ஒரே ஒரு ஸ்பேனர் போதும். நம் மார்க் டூவில் வாஷர் மாற்ற முக்காலி நட்டு, அத்தனை இரும்புக் குழாயையும் இழுத்து, நாலு ஆள் நாக்குத் தள்ள வேண்டும். இதில் குழாய் இருந்த இடத்திலேயே இருக்க, ராடைப் பிடித்து பிஸ்டனை மேலே தூக்கிவிடலாம். நான் இதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். தண்ணீர்க் கமிட்டிப் பெண்கள் ஐந்து பேர் மர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து வந்து ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நாற்பது தடவை அடித்த பிறகுதான் தண்ணீர் வருகிறது, ஆகவே குழாயின் அடியில் தண்ணீரை இறங்கவிடாமல் பிடிக்கிற ஃபுட் வால்வு ஒழுகுகிறது. கைப்பிடி ஆடுகிறது, அதைத் தாங்குகிற புஷ் தேய்ந்துவிட்டது. நான் சொல்ல வாய் திறக்கும் முன் அவர்களே சொல்லிவிட்டார்கள். இரண்டும் போன வருஷமே தெரியுமாம். சாமான் வாங்கத்தான் காசு சேரவில்லை. பம்புக்குப் பக்கத்தில் முன்பு வந்த ஒரு குழு தங்கள் பெயரைப் பளிங்கில் வெட்டிப் பதித்திருக்கிறது. அந்தக் கல்லின் விலைக்கு எத்தனை செட் வால்வு வாங்கலாம் என்று கணக்குப் போட்டேன், மனசு கேட்கவில்லை, பாதியில் விட்டுவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஆராதனை மூன்று மணி நேரம். மூன்று பாடகர் குழு, காணிக்கைக்கு ஆடிக்கொண்டே வருகிறார்கள், ஒரு பாட்டி இடுப்பில் சுற்றுகிற சிட்டெஞ்சே துணியின் முடிச்சில் சோளம் கொண்டுவந்து வைத்தார். பிளாண்டைரில் ஸ்காட்லாந்து மிஷனெரிகள் வந்து இறங்கியது 1876-ல். இவர்களுக்கு நாம் என்ன சுவிசேஷம் சொல்லப்போகிறோம் என்று டீம் லீடரிடம் கேட்டேன், அவர் "அண்ணாச்சி, அப்புறம் பேசுவோம்" என்றார்.

என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நான் தமிழில், ஒருவர் ஆங்கிலத்தில், இன்னொருவர் இவர்கள் பாஷையான சிச்சேவாவில். நான் ஒரு வரி சொன்னால் அங்கே நாலு வரி போகிறது, நான் சிரிப்பாக எதுவும் சொல்லாத இடத்தில் சபையே சிரிக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் எங்கள் மயிலாடிக்கு 1806-ல் ஜெர்மன் மிஷனெரி ரிங்கல்தௌபே வந்து தமிழ் பேசியபோது எங்கள் பாட்டன் பூட்டன் எதற்கெல்லாம் சிரித்தார்களோ.

ஜூலை 9, செவ்வாய்

பிளாண்டைரை ஒட்டிய லிம்பேக்குப் போய் சாமான் வாங்கினோம். கடைக்காரர் குஜராத்தி. என்னைப் பார்த்ததும் இந்தியில் ஆரம்பித்தார், எனக்கு இந்தி வராது, கூட வந்த கமிட்டி அம்மாதான் சிச்சேவாவில் பேரம் பேசி முடித்தார். பெட்டியில் 'மேட் இன் இந்தியா'.

ஜூலை 11, வியாழன்

மாட்டியது அவர்கள், ராடு பிடித்தது நான். முழுதாக இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்றாவது தடவை அடித்ததும் தண்ணீர். பிள்ளைகள் என்னை "கோகோ, கோகோ" என்று கூப்பிட்டார்கள். பாராட்டு என்று நினைத்துக் கையசைத்தேன். தாத்தா என்று அர்த்தமாம்.

ஜூலை 12, வெள்ளி

நாளைக் காலை கிளம்புகிறோம். ஊருக்கு அனுப்ப நான் பம்பு அடிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்று டீம் லீடர் சொன்னதால் சாயங்காலம் போனோம். கைப்பிடியில் சங்கிலி, பூட்டு. கிணறு ஊறட்டும் என்று ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவது கமிட்டி விதி. அமாயி (அம்மா), ஒரே ஒரு நிமிஷம், போட்டோவுக்கு மட்டும் என்று கமிட்டி அம்மாவிடம் சைகையில் கேட்டேன். சாவி அவர் இடுப்பு முடிச்சில் இருந்தது. "மாவா" என்றார். நாளைக்கு.