பாறைத் துளையில் எண்ணெய் எவ்வளவு, நீர் எவ்வளவு?

எண்ணெய் வயல் என்றதும் நிலத்தடியில் ஓர் ஏரியைக் கற்பனை செய்ய வேண்டாம். மணற்கல்லின் நுண்துளைகளில்தான் எண்ணெயும் உப்புநீரும் சேர்ந்து கிடக்கின்றன. துளைவெளியில் நீர் பிடித்திருக்கும் பங்குதான் நீர்ச்செறிவு, மிச்சம் ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெய் அல்லது எரிவாயு.

உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. நீர்ச்செறிவைக் கணக்கிட 1942இல் அமெரிக்கப் பொறியாளர் ஆர்ச்சி தந்த சமன்பாட்டின் அடிப்படை இதுவே. துளைமை (பாறையில் துளைவெளியின் பங்கு) 0.20, நீரின் மின்தடைத்திறன் 0.05 ஓம்-மீட்டர், பாறையுடையது 20, சமன்பாட்டில் வரும் அடுக்கெண்கள் இரண்டும் 2 என்று கொள்வோம். 0.20ஐ வர்க்கப்படுத்தினால் 0.04, அதை 20ஆல் பெருக்கினால் 0.8. 0.05ஐ 0.8ஆல் வகுத்தால் 0.0625, வர்க்கமூலம் 0.25. நீர் 25%, ஹைட்ரோகார்பன் 75%.

பலரும் சறுக்குவது வெப்பநிலையில். ஆய்வகத்தில் 25 டிகிரி செல்சியஸில் 0.12 ஓம்-மீட்டர் மின்தடைத்திறன் காட்டும் அதே நீர், 90 டிகிரியில் சுமார் 0.05 ஆகிவிடும். திருத்தாமல் 0.12ஐயே போட்டால் நீர் 39% என்று வரும். எண்ணெய் உள்ள நல்ல பாறைப் படலத்தைக் கைவிட வேண்டியதுதான்!

களிமண் இன்னொரு தொல்லை. அதுவும் மின்சாரத்தைக் கடத்துவதால், எண்ணெய் இருந்தும் நீர் அதிகம்போலத் தெரியும். அங்கே ஆர்ச்சி போதாது. களிமண்ணின் கடத்தலையும் கணக்கில் எடுக்கும் சிமாண்டூ, வாக்ஸ்மன்-ஸ்மிட்ஸ் போன்ற சமன்பாடுகள் வேண்டும்.

75% ஹைட்ரோகார்பன் என்றால் அத்தனையும் மேலே வராது. நுண்புழை விசை ஒரு பகுதியைத் துளைகளிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.