ரோட்டர்டாம்: புலி விருதும் அரை மணி நேர மேசையும்

ரோட்டர்டாம் சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் நடந்தால் டி டூலன் வந்துவிடும். அது ஓர் இசை அரங்கம். ஜனவரிக் கடைசியில் தொடங்கி பிப்ரவரி முற்பகுதி வரை ரோட்டர்டாம் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு அதுதான் தாய்வீடு. பேட்ஜ் வாங்குவது, பேனல்கள் என்னும் மேடைக் கலந்துரையாடல்கள், தயாரிப்பாளர் சந்திப்புகள் எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். அதை ஒட்டி ஸ்கவ்பர்க்பிளைன் சதுக்கம். துறைமுகக் கிரேன் மாதிரி மடங்கி நிமிரும் நான்கு சிவப்பு விளக்குக் கம்பங்களை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். சதுக்கத்தின் ஓரத்திலேயே பல திரைகள் கொண்ட பத்தே தியேட்டர். 1940 மே 14 அன்று ஜெர்மானியக் குண்டுவீச்சில் இந்த நகரத்தின் மையம் அழிந்தது. இன்று பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு புதிதாகக் கட்டியது. அகலமான தெருக்கள், நடந்தே போய்விடக்கூடிய அரங்குகள் என்று ஊரே திரைப்பட விழாவுக்குத் தோதாக அமைந்துவிட்டது.

ஓர் அரங்கு மட்டும் தள்ளி இருக்கிறது: லான்டாரன்ஃபென்ஸ்டர். ஆற்றுக்கு அந்தப் பக்கம், எராஸ்மஸ் பாலம் தாண்டிப் போக வேண்டும். சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் நான்காவது நிறுத்தம் வில்ஹெல்மினாபிளைன், அங்கிருந்து கொஞ்சம் நடை. இரண்டு படங்களுக்கு நடுவே 20 நிமிடம்தான் இருக்கிறது என்றால் இந்த அரங்கைச் சேர்த்து அட்டவணை போடாதீர்கள். பாலத்தின் மேல் அடிக்கும் காற்றில் குடை நிற்காது. தலையை மூடும் தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும், குடையை வீட்டிலேயே விட்டுவிடலாம். விடிவது காலை எட்டரை வாக்கில், இருட்டுவது மாலை ஐந்தேகால் வாக்கில்.

தமிழ்ப் படம் எடுப்பவர்களுக்கு இந்த ஊர் அந்நியமில்லை. அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ 2020-இல் இங்கே ஆசியப் படங்களுக்கான நெட்பாக் விருது பெற்றது. 2021-இல் பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ விழாவின் முதன்மை விருதான புலி விருதையே வென்றது. கொரோனாவால் அந்த ஆண்டு விழா இணையத்தில் நடந்தது. 2025-இல் வர்ஷா பரத்தின் ‘பேட் கேர்ள்’ மறுபடி நெட்பாக். மூன்றுமே பெரிய நட்சத்திரம் இல்லாத படங்கள். அதனால்தான் இங்கே போக நினைப்பவர்கள் விருது மேடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். விருது ஏற்கெனவே எடுத்து முடித்த படத்துக்குக் கிடைப்பது. அடுத்த படத்துக்கான வேலை நடப்பது டி டூலனின் மேல்மாடிகளில்.

முதலில் விசா. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. சிக்கல் வருவது இரண்டு இடங்களில். விழா அனுப்பும் அழைப்புக் கடிதம் அவர்கள் அறை தரும் நாட்களைத்தான் சொல்லும். நீங்கள் கூடுதலாகத் தங்கும் இரவுகளுக்குத் தனியாக அறைப் பதிவு காட்ட வேண்டும். இரண்டாவது, காப்பீட்டுத் தேதி. கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் அதற்குள் அடங்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்கினால் அதிவேக ரயிலில் ரோட்டர்டாம் அரை மணிக்குள். அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. டிக்கெட் எடுக்காமல் வங்கி அட்டையையே வாசலில் தட்டிவிட்டுப் போகலாம், ஆனால் இறங்கும்போது மறக்காமல் மறுபடி தட்ட வேண்டும்.

இனி சினிமார்ட். 1980-களில் தொடங்கிய கூட்டுத் தயாரிப்புச் சந்தை. இந்த மாதிரிச் சந்தைகளுக்கு இதுதான் முன்னோடி. இங்கே முடிந்த படத்தை விற்பதில்லை. எழுத்தில் இருக்கும் படத்துக்குக் கூட்டுத் தயாரிப்பாளர், நிதி அமைப்பு, படத்தை நாடு நாடாக விற்றுத் தரும் சேல்ஸ் ஏஜென்ட் தேடுகிறார்கள். ஆண்டுக்கு சுமார் 20 படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை கொடுத்து, அரை அரை மணி நேரமாகச் சந்திப்புகளை அடுக்குகிறார்கள்.

அந்த அரை மணி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். எதிரே உட்காருபவர் உங்கள் கோப்பைப் படித்திருப்பார், ஆனால் அன்று அவருக்கு அது ஏழாவது மேசையாக இருக்கலாம். முதல் மூன்று நிமிடத்தில் கதையை மூன்று வாக்கியத்தில் சொல்லி, எந்த ஊர், எந்த மொழி, எத்தனை நாள் படப்பிடிப்பு என்று அவருக்கு நினைவூட்டிவிட வேண்டும். அடுத்த பத்து நிமிடம் அவர் கேட்கட்டும். கேள்வி பெரும்பாலும் கதையைப் பற்றி இருக்காது: மொத்த பட்ஜெட் எவ்வளவு, அதில் எவ்வளவு கையில் இருக்கிறது, அதற்குக் காகிதம் இருக்கிறதா, எங்கள் நாட்டில் என்ன செலவு செய்வீர்கள். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நம்மவர்கள் திணறுகிறார்கள். ஐரோப்பிய நிதி அமைப்புகள் பலவும் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தங்கள் நாட்டிலேயே செலவழிக்கச் சொல்கின்றன. முழுப் படப்பிடிப்பும் மதுரைப் பக்கம் என்றால், ஒலிக்கலவை, வண்ணச் சீரமைப்பு, இசைப்பதிவு இவற்றில் எதை அங்கே கொண்டுபோக முடியும் என்று கிளம்பும் முன்பே பட்ஜெட்டில் பிரித்து எழுதி வையுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தை அடுத்து என்ன என்பதற்கு ஒதுக்குங்கள்: திரைக்கதை அனுப்பவா, எந்தத் தேதிக்குள், யாருக்கு. எழுந்ததும் அடுத்தவர் வரும் முன் இரண்டு வரி குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் மாலைக்குள் முகங்கள் எல்லாம் கலந்துவிடும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: ஒரு பக்கக் கதைச்சுருக்கம் (சினாப்சிஸ்), கதையின் விரிவான வடிவம் (ட்ரீட்மென்ட்), இயக்குநர் குறிப்பு, பட்ஜெட் சுருக்கம், நிதித் திட்டம், முந்தைய படத்தை இணையத்தில் பார்ப்பதற்கான ஸ்கிரீனர் லிங்க். லிங்க்குக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அது காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். நிதித் திட்டத்தில் உறுதியான பணத்தையும் எதிர்பார்க்கும் பணத்தையும் கலக்காதீர்கள். கலந்திருந்தால் எதிரே இருப்பவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், அதோடு நம்பிக்கை போய்விடும்.

சினிமார்ட்டுக்குத் தேர்வாகாதவர்களுக்கும் ஹூபர்ட் பால்ஸ் நிதி இருக்கிறது. விழாவைத் தொடங்கியவர் ஹூபர்ட் பால்ஸ். 1972-இல் தொடக்க நாள் திரையிடலுக்கு வந்தவர்கள் 17 பேர்தான். அவர் 1988-இல் இறந்த பிறகு அவர் பெயரில் இந்த நிதியை அமைத்தார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு எழுத்து நிலையிலேயே 10,000 யூரோ தருகிறது. தொகை சிறியதுதான். ஆனால் நிதித் திட்டத்தில் ‘உறுதியான பணம்’ என்ற பத்தியில் வெளிநாட்டிலிருந்து வந்த முதல் வரியாக அது உட்காரும்போது மற்றவர்கள் பேசும் விதமே மாறிவிடுகிறது.

பேனல்களைப் பற்றி: எல்லாவற்றுக்கும் போக வேண்டாம். ‘சினிமாவின் எதிர்காலம்’ மாதிரித் தலைப்புகளை விட்டுவிடலாம். சேல்ஸ் ஏஜென்ட்டுகள், நிதி அமைப்புக்காரர்கள், விழாக்களுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் புரோகிராமர்கள் உட்காரும் பேனல்களுக்குக் கட்டாயம் போங்கள். பேசுபவர்கள் நான்கு பேர் என்றால் கேள்விக்கு மிஞ்சுவது பத்துப் பதினைந்து நிமிடம். அதில் தன் படத்தின் கதையை எழுந்து சொல்கிறவரை அரங்கமே வெறுக்கும். ஒரே கேள்வி, ஒரே வாக்கியம், எல்லோருக்கும் பயன்படுவது. உதாரணமாக, ‘விளம்பரச் செலவுக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு வைக்கிறீர்களா?’ சேல்ஸ் ஏஜென்ட் முதலில் தன் கமிஷனையும் பிறகு செலவையும் கழித்துக்கொண்டுதான் தயாரிப்பாளருக்குத் தருவார். கமிஷன் சதவீதத்தில் பேரம் பேசிவிட்டுச் செலவுக்கு வரம்பு வைக்காமல் கையெழுத்துப் போட்டால், படம் பத்து நாட்டில் விற்றாலும் கைக்கு ஒன்றும் வராது.

போட்டியில் படம் இருப்பவர்களுக்கு மிகப் பெரிய ஆபத்து தொழில்நுட்பத்தில்தான். தியேட்டரில் ஓடும் டிஜிட்டல் பிரதியான டிசிபி-யைப் பூட்டி அனுப்பினால் அதைத் திறக்க கேடிஎம் என்ற சாவி வேண்டும். அந்தச் சாவி ஒரு குறிப்பிட்ட புரொஜெக்டர் சர்வருக்கு மட்டும், ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும் வேலை செய்யும். கடைசி நேரத்தில் காட்சியை இரண்டாம் திரையிலிருந்து நான்காம் திரைக்கு மாற்றினால் பழைய சாவி பயன்படாது. குளிர்காலத்தில் நெதர்லாந்து நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை ஒன்பது மணிச் சோதனையின்போது சாவி இன்னும் உயிர்பெறவில்லை என்றால், நேர மண்டலத்தைத் தப்பாகப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். முதல் திரையிடலுக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கி, கடைசித் திரையிடலுக்கு அடுத்த நாள் முடியும்படி, விழா தரும் எல்லா சர்வர்களுக்கும் சாவி கேளுங்கள். சாத்தியமென்றால் பூட்டாமலே அனுப்புவது இன்னும் நிம்மதி. ஆங்கில சப்டைட்டில் தனிக் கோப்பாக இருந்தால் எழுத்துரு கோப்பும் கூட இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்த சர்வரில் வரிகள் சரியாக வராமல் போகலாம்.

பத்திரிகையாளர், தொழில்துறையினருக்கான காட்சியில் பாதியில் எழுந்து போகிறவர்களைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். அவர்களுக்கு அடுத்த அரங்கில் இன்னொரு படம் இருக்கிறது. பொதுமக்கள் காட்சிதான் உண்மையான காட்சி. வேலை முடித்து, மழையில் சைக்கிள் மிதித்து வந்து, படத்துக்குப் பிறகான உரையாடலுக்கும் இருந்துவிட்டுப் போகிற ஊர் இது.

விருதுகளில் புலி விருது 1995-இலிருந்து இருக்கிறது. ஹாலிவுட் நிறுவனத்தின் கர்ஜிக்கும் சிங்கத்துக்கு மாற்றாக இந்த விழா புலியைச் சின்னமாக எடுத்துக்கொண்டது. பரிசு 40,000 யூரோ. இயக்குநரும் தயாரிப்பாளரும் பகிர்ந்துகொள்ள வேண்டியது. எப்படிப் பகிர்வது என்பதைப் படம் தொடங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். மேடையில் கட்டிப்பிடித்தவர்கள் மூன்று மாதம் கழித்து இதற்காகப் பேசாமல் போவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். நடுவர் குழுவின் சிறப்பு விருதுகள் இரண்டு, தலா 10,000 யூரோ. பிக் ஸ்கிரீன் பிரிவுக்கும் தனி விருது உண்டு. அதோடு நெதர்லாந்தில் தியேட்டர் வெளியீடும் தொலைக்காட்சி ஒளிபரப்பும் கிடைக்கின்றன. அமைதியான, மெதுவாகத் திறக்கும் படத்துக்குப் புலிப் போட்டியும், பெரிய அரங்கைத் தாங்கும் கதைப்படத்துக்கு பிக் ஸ்கிரீனும் பொருந்தும். நெட்பாக் விருது, சர்வதேச விமர்சகர் சங்கத்தின் பிப்ரெசி விருது இவற்றின் மதிப்பு பணத்தில் இல்லை. ஆசியப் பட ஆர்வலர்களும் விமர்சகர்களும் கொடுப்பதால் அடுத்த விழாக்களின் புரோகிராமர்கள் அவற்றைக் கவனிக்கிறார்கள்.

புலிப் போட்டிக்கு உலகின் முதல் திரையிடலாக இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஊரில் சின்ன விழா ஒன்றில் ஆசையோடு ஒரு காட்சி போட்டுவிட்டால் அந்தத் தகுதி போய்விடும். நண்பர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் டிக்கெட், விளம்பரம், விழாப் பெயர் எதுவும் இல்லாத தனிக்காட்சியாக வையுங்கள்.

ஊர் திரும்பியதும் தூங்கி எழுவதற்குள் மின்னஞ்சல்களை அனுப்பிவிடுங்கள். பிப்ரவரி நடுவில் பெர்லின் விழாவும் அதன் சந்தையும் தொடங்கிவிடும்; ரோட்டர்டாமில் பார்த்த பாதிப் பேர் அங்கே கிளம்பிக்கொண்டிருப்பார்கள். தலைப்பில் படத்தின் பெயர், முதல் வரியில் எந்த நாள் எந்த மேசையில் சந்தித்தோம் என்பது, இரண்டாவது வரியில் அவர் கேட்ட விஷயத்துக்கான பதில், கீழே லிங்க். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். திரைக்கதையை அவர் கேட்டிருந்தால் மட்டும் இணையுங்கள்.