விமானியின் வருமான வரி: பாஸ்போர்ட்டில் இல்லாத நாட்கள்

சொந்த ஊர் மன்னார்குடி, குடித்தனம் ஷார்ஜாவில், வேலை விமானம் ஓட்டுவது. 2023-24 நிதியாண்டுக்குக் கணக்குத் தாக்கல் செய்யப் போனபோது கும்பகோணத்து ஆடிட்டர் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "இந்தியாவுல மொத்தம் எத்தனை நாள் இருந்தீங்க சார்?" என்றுதான் ஆரம்பித்தார்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் இந்தியாவில் தங்கியது நிதியாண்டில் 182 நாளை எட்டாதவரை என்ஆர்ஐ, அதாவது வரிக் கணக்கில் வெளிநாடு வாழ் இந்தியர். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் அந்த வரம்பு 120 நாளாகக் குறையும். எனக்கு இங்கே டெபாசிட் வட்டியும் நிலத்துக் குத்தகையும்தான், அதனால் 182.

மற்றவர்கள் பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்தே நாளை எண்ணிவிடலாம். நான் லீவில் வந்தால் முத்திரை உண்டு. டியூட்டியில் வந்தால் விமானப் பணியாளர் பட்டியலோடு போய்விடுவோம், முத்திரை விழாது. ஆனால் சென்னையில் ஒரு இரவு தங்கினால் வந்த நாள், கிளம்பிய நாள் என்று இரண்டாக எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு என்றார் ஆடிட்டர். கப்பல் ஊழியர்களுக்கு நாள் கணக்கிடத் தனியாக ஒரு விதி இருக்கிறது. எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை ரோஸ்டரும் (டியூட்டி அட்டவணை) லாக் புக்கும் (பறந்த விவரம் எழுதும் பதிவேடு) தான் சாட்சி. இரண்டையும் தேதி வாரியாக ஒப்பிட்டு ஒரே தாளில் எழுதினேன். ஆடிட்டர் பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். நள்ளிரவைத் தாண்டி இறங்கிய விமானங்களில் மட்டும் நின்று, இறங்கிய நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றச் சொன்னார். தேதி மாறுவது அங்கேதான்.

சம்பள விஷயம் சீக்கிரம் முடிந்தது. அமீரகத்தில் சம்பளத்துக்கு வரி இல்லை. ஆனால் பணம் முதலில் அங்குள்ள கணக்கில் விழ வேண்டும், அப்புறம்தான் ஊருக்கு அனுப்ப வேண்டும். நேராக இந்தியக் கணக்குக்கு வந்தால் இங்கே வரி கேட்பார்கள்.

என்ஆர்ஓ என்பது என்ஆர்ஐ தன் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு. அதன் வட்டியில் வங்கி 31.2 சதவீதம் வரியாகப் பிடித்திருந்தது. அந்த ஆண்டு ஏழு லட்சம் வரை வரியே இல்லை என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். அந்தத் தள்ளுபடி என்ஆர்ஐக்குக் கிடையாது, புதிய வரி முறையில் அந்த ஆண்டு 3 லட்சம் வரைதான் விலக்கு இருந்தது. என் வட்டி அதற்குள் அடங்கியதால் பிடித்ததெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்றார். குத்தகை வருமானம் விவசாய வருமானம்தான். வரி இல்லை, ஆனாலும் ஐடிஆர்-2 படிவத்தில் காட்டினோம்.

கடைசியில், தாக்கல் செய்த கணக்கைச் சரிபார்க்க ஆதார் ஓடிபி. என் ஆதாரில் இருப்பது அப்பாவின் எண். அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடும் இடத்தில் நின்றிருந்தார். "தம்பி, சத்தமா இருக்கு, ஒவ்வொண்ணா சொல்றேன்" என்று ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஜூலை 31க்கு முன்பே சரிபார்ப்பு முடிந்தது. ரீஃபண்டு என்ஆர்ஓ கணக்குக்கே வந்து சேர்ந்தது.

இப்போது ஒவ்வொரு மாத ரோஸ்டரும் வந்தவுடன் அந்தத் தாளில் ஏற்றிவிடுகிறேன். வளைகுடாவில் பறக்கும் நம் பிள்ளைகள் யாராவது கேட்டால், தாளின் வடிவத்தையே அனுப்பிவைக்கிறேன்.