வாலசூத்தில் ஒரு கோடை: ஹங்கேரிய நடனத்தைத் தேடி

ருமேனியாவின் க்ளூஜ் நகரத்திலிருந்து வடக்கே அரை மணி நேரப் பயணம், வாலசூத் வந்துவிடுகிறது. க்ளூஜை ஹங்கேரியர்கள் இன்றும் கொலோஷ்வார் என்றுதான் சொல்கிறார்கள். முதல் உலகப் போருக்குப் பின் 1920இல், அதுவரை ஹங்கேரியிடம் இருந்த இந்த டிரான்சில்வேனியா பகுதி ருமேனியாவுக்குப் போனது. அப்போது ஹங்கேரியின் எல்லைக்கு வெளியே தங்கிவிட்ட ஹங்கேரியர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ருமேனியர்களோடும், ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களோடும் கலந்து வாழும் சின்ன ஊர் இது. கோடையில் இங்கே நடக்கும் நாட்டுப்புற இசை, நடன முகாமுக்காகத்தான் போயிருந்தேன்.

முகாம் நடக்கும் வளாகம் ஸோல்தான் கல்லோஷின் குடும்ப வீடு. 1926இல் இதே ஊரில் பிறந்தவர். கிழக்கே மோல்டாவியாவில் வாழும் ஹங்கேரிய வம்சாவளியினரான சாங்கோ மக்களிடையேயும், கீமெஷ் மலைப்பகுதியிலும், மெஸோஷேக் கிராமங்களிலும் அலைந்து பாட்டும் ஆட்டமும் கதையும் துணியும் சேகரித்தார். கம்யூனிச ஆட்சியில் கைவிட்டுப்போன வீடு பிற்பாடு திரும்பக் கிடைத்தது. அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், 1992இல் தொடங்கிய தன் அறக்கட்டளைக்கே விட்டுவிட்டார். இன்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே, ஹங்கேரியப் பள்ளிக்கூடம் இல்லாத கிராமங்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளியும் உண்டு. கல்லோஷ் 2018இல் காலமானார். அருங்காட்சியகத்தில் ஹங்கேரியப் பூவேலைத் துணிகளுக்குப் பக்கத்திலேயே ருமேனியர்கள், ஜெர்மன் பேசும் சாக்சன்கள் ஆகியோரின் வீட்டுப் பொருட்களும் இருக்கின்றன. தன் இனத்தின் பண்பாட்டைக் காக்கப் புறப்பட்ட ஒருவர் பக்கத்து வீட்டுக்காரருடையதையும் சேர்த்துக் காத்திருக்கிறாரே என்று அந்த அறைகளில் ரொம்ப நேரம் நின்றேன்.

காலையில் நடன வகுப்பு. சார்தாஷ் என்ற ஜோடி நடனத்தை முதலில் சொல்லித் தருகிறார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆசிரியர் எண்ணவே இல்லை. “கோன்ட்ராவைக் கேளுங்கள்” என்றார். கோன்ட்ரா என்பது மூன்றே தந்திகள் கொண்ட வயோலா. அதன் தந்திகளைத் தாங்கும் பாலம் வளைவில்லாமல் தட்டையாக இருப்பதால் வில் ஒரே இழுப்பில் மூன்று தந்திகளையும் தொடும். மெட்டை முதல் வயலின்காரரான ப்ரீமாஷ் கொண்டுபோவார். கோன்ட்ராவும் பெரிய பாஸ் வயலினும் அடியில் தாளத்தை அழுத்திப் பிடித்திருக்கும். மெதுவான சார்தாஷில் அந்த வில்லின் அழுத்தம் காலுக்கு வந்து சேர்கிற கணம் இருக்கிறதே, அப்புறம் எண்ணிக்கை தேவைப்படுவதில்லை.

இந்தக் கிராமத்து இசைக்காரர்களில் மிகப் பலர் ரோமா மக்கள். ஹங்கேரியர் கல்யாணத்தில் ஹங்கேரிய மெட்டு, ருமேனியர் கல்யாணத்தில் ருமேனிய மெட்டு என்று வாசித்தே பிழைத்தவர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் யூதர் கல்யாணங்களுக்கும் போயிருக்கிறார்கள். மாரமரோஷ் பகுதியின் யூதர்கள் அழிக்கப்பட்ட பிறகும் அவர்களுடைய மெட்டுகள் வயதான ரோமா கலைஞர்களின் நினைவில் இருந்தன. 1990களில் ஹங்கேரியின் முஷிகாஷ் இசைக்குழுவினர் அவற்றைக் கேட்டு வாங்கி ஒலிப்பதிவு செய்தார்கள். ஹங்கேரிய மரபு என்று நாம் பேசும்போது இந்தக் கைகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

ஹங்கேரிய இசையமைப்பாளர்கள் பார்டோக்கும் கோதாயும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனவர்கள்தான். ஆனால் ஏட்டுக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் போய்ச் சேர்ந்த நடனம், நகரத்தில் மேடைக் காட்சியாகவே நின்றுவிட்டது. அதை மாற்றியது 1972 மே 6ஆம் தேதி, புடாபெஸ்டின் லிஸ்ட் ஃபெரென்ட்ஸ் சதுக்கத்தில் நடந்த ஒரு மாலை. டிரான்சில்வேனியாவின் சேக் கிராமத்தில் இளைஞர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, இசைக்காரர்களுக்குத் தாங்களே கூலி கொடுத்து ஆடுவார்கள். அந்த ஏற்பாட்டின் பெயர்தான் தான்ட்ஸ்ஹாஸ், அதாவது நடன வீடு. ஃபெரென்ட்ஸ் ஷெபோவும் பேலா ஹால்மோஷும் வாசிக்க, புடாபெஸ்ட் நடனக் குழுக்களின் இளைஞர்கள் பார்வையாளர் யாருமில்லாமல் தங்களுக்காகவே ஆடினார்கள். சீக்கிரமே கதவு எல்லோருக்கும் திறந்தது. நடன இயக்குநர் ஷாந்தோர் தீமார் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை வகுத்தார்.

ருமேனியாவின் கம்யூனிச சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் காலத்தில் வெளிநாட்டவர் தனியார் வீடுகளில் தங்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. அப்படியும் புடாபெஸ்ட் இளைஞர்கள் டேப் ரெக்கார்டரோடு எல்லை தாண்டி வந்து இந்தக் கிராமங்களில் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர்களின் துணிச்சலை நினைத்தால் சிலிர்க்கிறது. 2011இல் யுனெஸ்கோ, பண்பாட்டைக் காக்கும் நல்ல முறைகளின் பட்டியலில் தான்ட்ஸ்ஹாஸைச் சேர்த்தது.

முகாமில் சாப்பாட்டு வரிசையில் என் பக்கத்தில் நின்றவர் சாவ் பாவ்லோவிலிருந்து வந்த இளம்பெண். தாத்தா போருக்குப் பிறகு பிரேசிலுக்குப் போனவர். அங்கே ஹங்கேரிய நடனக் குழுக்கள் நன்றாகவே நடக்கின்றன, ஆனால் ஒத்திகைக்குப் பெரும்பாலும் பதிவு செய்த இசைதான் என்றார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒரு தம்பதியும் அதையே சொன்னார்கள். சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 புரட்சி நசுக்கப்பட்டபோது சுமார் இரண்டு லட்சம் பேர் ஹங்கேரியை விட்டு ஓடினார்கள். அமெரிக்கா சேர்ந்தவர்களில் பெரும் பகுதி நியூ ஜெர்சியின் கில்மர் ராணுவ முகாம் வழியாகத்தான் உள்ளே போனது. பக்கத்து நியூ பிரன்ஸ்விக் நகரத்தில் ஏற்கெனவே இருந்த ஹங்கேரியக் குடியிருப்பு அப்படித்தான் இன்னும் பெருகியது. டொரோண்டோவில் கோதாய் பெயரிலேயே 1960இல் ஒரு குழு தொடங்கியது. 2013 முதல் ஹங்கேரிய அரசு புலம்பெயர்ந்த சமூகங்களுக்கு இளைஞர்களை அனுப்புகிறது. அவர்களில் நடனம் சொல்லித்தருபவர்களும் உண்டு.

இதெல்லாம் நல்லதுதான். ஆனாலும் வெளிநாட்டுக் குழுக்களுக்கு முதலில் வேண்டியது கோன்ட்ரா வாசிக்க ஓர் ஆள் என்றே எனக்குப் படுகிறது. ஓடுகிற பதிவு ஆடுபவரைப் பார்ப்பதில்லை. லெகேன்யெஷ் என்ற ஆண்கள் நடனத்தை ஆட ஓர் ஆண் இசைக்குழுவின் முன் வந்து நின்று பூட்ஸைத் தட்டத் தொடங்கினால், ப்ரீமாஷ் அவன் கால்களை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார். எங்கே முடிக்கப் போகிறான் என்று தெரிந்து மெட்டையும் அங்கே கொண்டுபோய் முடிப்பார். அந்தப் பேச்சுவார்த்தை இல்லாவிட்டால் மனப்பாடம் செய்த அடவுகள்தான் மிஞ்சும். பிரேசில் பெண் நடன வகுப்பை விட்டு மதியங்களில் கோன்ட்ரா வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். சரியான முடிவு.

போக நினைப்பவர்கள் முகாமுக்கு முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். இரவு ஆட்டம் விடியும்வரை போகும், தோல் அடிப்பாகம் உள்ள காலணி எடுத்துச் செல்லுங்கள், ரப்பர் அடிப்பாகம் சுழலவிடாது. டிரான்சில்வேனியா வரை போக முடியாதவர்களுக்குப் புடாபெஸ்டில் ஃபோனோ இசைக்கூடம் இருக்கிறது. தான்ட்ஸ்ஹாஸ் நடக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு, தொடக்கக்காரர்களுக்குச் சொல்லித்தரும் நேரத்துக்கே போய்விடுங்கள்.