எனக்கும் ஒரு பொய் குடுங்க சார்

ஒரு காமெடித் தொடருக்கு நான் எழுதிக் கொடுத்த சீன் பேப்பரில் மனைவிக்கு எல்லாமே தெரியும். புருஷன் பழைய புல்லட் பைக் ஒன்றை வாங்கிப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்திருப்பது, அதற்கு யாரிடம் கடன் வாங்கினான் என்பது, அடுத்து என்ன பொய் சொல்லப் போகிறான் என்பது வரைக்கும். அவன் உளறி முடிக்கட்டும் என்று காத்திருந்து, ஒரே வரியில் வாயடைப்பாள். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவி, நகைக்கடையைக் கண்டால் மயங்கும் மனைவி எல்லாம் காலங்காலமாக ஓடுகிற சரக்கு. அதை நான் எழுத மாட்டேன். இப்போதும் அதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

பேப்பரைப் படித்துவிட்டு அந்த நடிகை கூப்பிட்டார். நாடகத்திலிருந்து வந்தவர், என்னைவிட மூத்தவர்.

"சார், அவரு பொய் சொல்றாரு, மாட்டுறாரு, ஓடுறாரு. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். எனக்கும் ஒரு பொய் குடுங்க சார்."

"இல்லக்கா, உங்க கேரக்டர் கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்னுதான்..."

"மரியாதை இருக்கட்டும். சிரிப்பு பூரா அவருக்குத்தானே போகுது?"

லீடு கொடுப்பதும், அதாவது அடுத்தவர் சிரிப்புக்கு வழி பண்ணிக் கொடுப்பதும், காமெடிதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததும் நல்லதுதான். கவுண்டமணி எவ்வளவு அதட்டினாலும் கடைசியில் செந்திலிடம் ஏமாறுவார். அதனால்தான் இரண்டு பேருக்கும் சிரிப்பு விழுந்தது. என் மனைவி ஏமாறுவதே இல்லை. (நான் எழுதிய மனைவியைச் சொல்கிறேன்.) 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பா'ளில் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி எவ்வளவு பெருமையடிக்கிறாள், எவ்வளவு வெகுளி! அவளைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் யாரும் அவளை மட்டமாக நினைப்பதில்லை. திரைக்கதை எழுதி இயக்கிய ஏ.பி. நாகராஜனும் ஆண்தான். ஆக, ஆண் என்பதைச் சாக்காகச் சொல்லவும் வழியில்லை.

ஷாட்டுக்கு லைட்டிங் நடந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் வேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு பொய் எழுதினேன். யாருக்கும் தெரியாமல் ஸ்கூட்டர் பழகுகிறாள். பக்கத்து வீட்டு கேட்டை இடித்து நெளித்துவிட்டாள். கேட்டால், மாடு முட்டிவிட்டது என்கிறாள்.

கிளாப் அடிக்கும் பெண் படித்துவிட்டு, "பொண்ணுங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்கிற பழைய ஜோக்தானே சார் இது?" என்றாள். முட்டாளாக்காவிட்டால் ஒருவருக்குக் குறை, ஆக்கினால் இன்னொருவருக்குக் குறை என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

அப்புறம் டேக். "என்ன மாடு?" என்று புருஷன் கேட்க, "வெள்ளை மாடு" என்பதோடு வசனம் முடிகிறது. அக்கா நிறுத்தவில்லை. நெற்றியில் மட்டும் கறுப்பு என்றார். ஒரு கொம்பு வளைந்திருந்தது என்றார். பாவம், அதற்கு அடிபட்டிருக்குமோ என்று உண்மையாகவே கவலைப்பட ஆரம்பித்தார். தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்ட முகம். லைட்மேன் வரைக்கும் சிரித்தார்கள். வண்டி ஓட்டத் தெரியாததற்கு ஒருவரும் சிரிக்கவில்லை, அந்தப் பொய்யின் ருசிக்குச் சிரித்தார்கள். கிளாப் பெண்ணும்தான்.

எடிட்டிங்கில் நெற்றிக் கறுப்பு போனது, கொம்பு போனது, கவலை போனது. எபிசோடு நீளமாம். மிஞ்சியது நெளிந்த கேட்டும் தலையில் கை வைக்கும் புருஷனும், அதாவது அந்தப் பழைய ஜோக். எடிட்டரைத் திட்டிப் பார்த்தேன். "மாட்டை எடுத்தாலும் கதை நிக்குதே சார்" என்றார். உண்மைதான். மாட்டை நான் கதையில் கட்டி வைக்கவில்லை. அவர் சுலபமாக அவிழ்த்துவிட்டார். அவசரத்தில் வேறென்ன செய்ய முடியும் என்றும் தோன்றுகிறது. புல்லட்டை மட்டும் அவ்வளவு இறுக்கமாகக் கட்டத் தெரிந்ததே என்றும் தோன்றுகிறது.

எபிசோடு வெளியான பிறகு அக்கா போன் செய்தார். வெட்டியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஷெட்யூலில் மாட்டு விஷயத்தைப் புருஷன் கண்டுபிடிப்பானா என்றுதான் கேட்டார். கண்டுபிடித்தால் அவன் ஜெயித்துவிடுவான். கண்டுபிடிக்காவிட்டால் அவள் பழையபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டிலும் சிரிப்பு அவனுக்குத்தான் விழுகிறது.