24ஆம் தேதிக்குள்

2024 செப்டம்பர் 29

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து காரில் வீட்டுக்கு வரும் வழியில் அம்மா முதுகு வலியால் நான்கு இடங்களில் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தாள். ஐந்தாவது இடம் எங்கள் தெருமுனையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கிற ஸ்பீட் பிரேக்கர். அங்கே வாய்விட்டுக் கத்திவிட்டாள். நான் பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்தேன். அக்டோபர் 24ஆம் தேதி ஸ்கேனுக்கு மறுபடி போக வேண்டும். இன்னும் இருபத்தைந்து நாள்.

செப்டம்பர் 30

காரைக் காலி செய்தேன். சத்தம் தேடுவதென்றால் முதலில் வண்டியை வெறுமையாக்கு என்பார் அப்பா. டிக்கியில் ஜாக்கி, வீல் ஸ்பானர், இரண்டு குடை, காலி கூலன்ட் கேன், 2016ஆம் வருஷத்துப் பஞ்சாங்கம். டேஷ்போர்டுப் பெட்டியில் சில்லறை, பெட்ரோல் ரசீதுகள், மூடி தொலைந்த விபூதி டப்பா. எல்லாவற்றையும் வாசலில் பரப்பி வைத்துவிட்டு, செம்பாக்கம் வரை போய்த் திரும்பினேன்.

பாதிச் சத்தம் போய்விட்டது. அதனாலேயே மீதி தெளிவாகக் கேட்கிறது. வண்டி நின்றபடி ஓடும்போது அடியில் தகரம் அதிர்கிற மாதிரி ஒரு கிர்ர். சின்னச் சின்னப் பள்ளங்களில் முன்பக்கம் கடகட. இடது கதவுக் கண்ணாடி சலசலக்கிறது. பின்னால் இடதுபக்கம் எப்போதாவது ஒரே ஒரு டொக். இந்தக் கடைசிச் சத்தம்தான் என்னைப் படுத்துகிறது. வரும் என்று காத்திருந்தால் வராது.

அக்டோபர் 1

அம்மா ராத்திரி மூன்று முறை எழுப்பினாள். எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 2

விடிகாலையில், வண்டி ஓடாமல் டயர் சூடேறாமல் இருக்கும்போதே, காற்று பார்த்தேன். நான்கு டயரிலும் 36 பி.எஸ்.ஐ. பங்க்கில் எந்த வண்டி வந்தாலும் 35 என்று வைத்துவிடுகிறார்கள். அந்தப் பையனும், "முப்பத்தஞ்சு போதுமாக்கா?" என்றுதான் போன மாதம் கேட்டான். நானும் தலையாட்டினேன். கையேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால் மாருதி 800க்கு 26.

இந்த வண்டியின் எடையே 650 கிலோதான். அதற்கு 36 வைத்தால் டயர் கல்லாகிவிடும். பள்ளத்தில் முதலில் அமுங்கிக் கொடுக்க வேண்டியது ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ இல்லை, டயரின் பக்கச் சுவர். அது அமுங்காவிட்டால் அடி அப்படியே மேலே ஏறும், சீட்டு வழியாக அம்மாவின் முதுகுக்கு. அந்தப் பத்து பாயிண்டை நான் கவனிக்கவே இல்லை. 28ஆம் தேதி அந்தக் கத்தலில் எனக்கும் பங்கு இருக்கிறது.

26க்கு இறக்கினேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போதவில்லை. டயர் ஓரத்தில் நான்கு எண்கள் 3114. அதாவது 2014ஆம் வருஷத்தின் 31ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயவே இல்லை, அதனால்தான் யாரும் மாற்றச் சொல்லவில்லை. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், ரப்பர் மாதிரியே இல்லை.

அக்டோபர் 4

மெக்கானிக் அண்ணன் வந்தார். முன்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, "ஷாக் போச்சும்மா, நாலையும் மாத்திரலாம்" என்றார். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அடியில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் அண்ணா என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தார். அப்பா இருந்தபோதும் டார்ச் பிடிக்கிற வேலை என்னுடையதுதான்.

முன் ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்து அழுக்குப் படிந்திருந்தது. அது உண்மைதான். ஆனால் வண்டி சாயாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் பாரின் புஷ், அதாவது இரும்புக்கு நடுவே இருக்கிற ரப்பர், ஓவலாகிக் கிடந்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் புஷ் கிழிந்து, இரும்போடு இரும்பு உரசிப் பளபளக்கிறது. பின்னால் டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷைத் தொட்டால் கரித்தூளாக உதிர்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் புது ஷாக் மட்டும் போட்டிருந்தால் வண்டி இன்னும் முரடாகியிருக்கும்.

இந்த புஷ்ஷெல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றியவை. அதற்குள் எப்படிக் கிழியும் என்று கேட்டேன். அண்ணன் கையால் முறுக்கிக் காட்டினார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வண்டியைக் கீழே இறக்கினால், நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுகித்தான் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுகிக் கிழியும். சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் முழுக்க அதன்மேல் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும்.

அம்மா முதுகுக்குப் போடுகிற பெல்ட்டைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள். உட்கார்ந்தபடி போட்டால் ஏறுமாறாகப் பிடிக்கிறது, படுத்தபடிதான் போட வேண்டும் என்று நேற்றுதான் எனக்குப் புரிந்தது.

அக்டோபர் 6

ஞாயிறு, பள்ளிக்கூடம் இல்லை. டேப்பும் நீளமான ரீப்பர் கட்டையும் எடுத்துக்கொண்டு போய் ஸ்பீட் பிரேக்கரை அளந்தேன். உயரம் 13 சென்டிமீட்டர், அகலம் 90. சாலைகளுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்கிற அளவு உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அப்படி இருந்தால் 25 கிலோமீட்டர் வேகத்தில் நோகாமல் ஏறி இறங்கலாம். குழந்தைகள் நடக்கிற இடம், பிரேக்கர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் இது குட்டிச் சுவர். எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை இந்த மாதிரி இருபத்து மூன்று இருக்கின்றன, எண்ணிவிட்டேன்.

எதிர்வீட்டுத் தம்பியை ஓட்டச் சொல்லி, பின் சீட்டில் அம்மா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முன்சக்கரம் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. பின்சக்கரம் ஏறும்போது நேராக இடுப்பில் இடித்தது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2175 மில்லிமீட்டர்தான். பின் சீட்டு கிட்டத்தட்ட பின் ஆக்ஸில் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்து மறுபடி போகச் சொன்னேன். அடி பாதியாகக் குறைந்தது.

படுத்துக்கொண்டு வரட்டும் என்றுதானே பின்னால் ஏற்றினோம். இதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் டாக்டருக்குப் போன் செய்தேன். முன் சீட்டைக் கொஞ்சம் சாய்த்து, இடுப்புக்கு அணை கொடுத்து, பெல்ட்டோடு வரலாம் என்றார்.

பிரேக்கரில் குறுக்காக ஏறினால் அடி குறையும் என்று தம்பி சொன்னான். அம்மாவிடம் கேட்டேன். "பக்கவாட்டுல ஆட்டாதடி, அதுதான் கொல்லுது" என்றாள். ஆகவே நேராகத்தான் ஏற வேண்டும்.

அக்டோபர் 8

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கிப் புதுப்பேட்டைக்கு நடந்தேன். அங்கே பழைய சாமான் கிடைக்கும். இதே வண்டியின் கதவு, கண்ணாடி, இஞ்சின் என்று எதைக் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். ஆனால் ரப்பரைப் பழையதாக வாங்கக் கூடாது. அதற்கு ஜி.பி. ரோடு போனேன். இந்த வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது, இருந்தாலும் புஷ் செட்டு, ஷாக்கின் மேல்முனையைத் தாங்குகிற ஸ்ட்ரட் மவுண்ட், முன் ஷாக் ஜோடி எல்லாம் ஒரே கடையில் கிடைத்தன. கவுன்டரில் இருந்த பெரியவர் பழைய புஷ்ஷைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தொம்பது மாடலா?" என்றார். ஆமாம்.

கதவுக் கண்ணாடிக்கு பீடிங்கும், ஃபெல்ட் டேப் ஒரு சுருளும் வாங்கினேன். ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். ஷாக் இரண்டும் கனம்.

அக்டோபர் 10

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மூன்றரை வரை. அண்ணன் எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் முடுக்கி வைத்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, என்னையும் தம்பியையும் உள்ளே உட்காரச் சொல்லி, நான்கு மூலையையும் அமுக்கி அமுக்கி விட்டு, அப்புறம் படுத்து இறுக்கினார். பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஏன் என்று தெரியவில்லை.

சைலன்சர் மேல் இருக்கிற வெப்பத் தகடு துருப்பிடித்து ஒரு முனை விட்டுப் போயிருந்தது. பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி முடுக்கினார். கிர்ர் நின்றது.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அம்மா கட்டிலிலிருந்தே, "நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சியா?" என்று கேட்டாள். வைத்தேன். கையேட்டையும் படத்துக்கு முன்னால் வைத்தேன். வாக்கரைப் பிடித்து வாசல்வரை வந்தாள். ஐந்து நிமிடம்.

அக்டோபர் 13

டொக் போகவில்லை.

அக்டோபர் 15

இரண்டு நாளாக மழை. வேளச்சேரியில் எல்லாரும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தியிருக்கிறார்களாம். எங்கள் தெருவில் கணுக்கால் அளவுதான். ஆனால் 24ஆம் தேதி பள்ளிக்கரணையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். தண்ணீர் நின்றால் பள்ளம் எது என்றே தெரியாது. இந்த வண்டிக்கு 12 அங்குலச் சக்கரம். பெரிய வண்டி உருண்டு தாண்டிவிடுகிற பள்ளத்தில் இது இறங்கி ஏறும்.

மின்சாரம் இல்லை. அம்மா தூங்கிய பிறகு காரில் போய் உட்கார்ந்தேன். கூரையில் மழை விழுவது மட்டும்தான் கேட்டது. இதைச் சரிசெய்துவிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றியது. ஸ்கேனில் என்ன வருமோ அதுதான் வரும். அதற்கும் புஷ்ஷுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை, நாற்பத்தாறு இடங்களில் அவளுக்கு வலிக்கும். அதைக் குறைக்க என்னால் முடியும். மற்றது எதுவும் என் கையில் இல்லை.

அக்டோபர் 16

மழை. அம்மாவுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு தடவை வாந்தி.

அக்டோபர் 18

நான்கு டயரும் புதிது. 145/70 ஆர்12. இந்த வருஷம் செய்ததா என்று எண்ணைப் பார்த்த பிறகே போடச் சொன்னேன். பத்தாயிரத்துச் சொச்சம் ஆனது. தம்பி, "பழைய காருக்கு இவ்ளோவா அக்கா?" என்றான். ஆமாம், இவ்வளவுதான்.

திரும்பி வரும்போது முன்னால் இன்னும் ஒரு மெல்லிய கிணுகிணு. பிரேக்கில் லேசாகக் கால் வைத்தேன், நின்றது. எடுத்தேன், வந்தது. பிரேக் பேட்தான். அதன் கிளிப் தளர்ந்திருக்கும். இப்படிக் காலால் தொட்டே கண்டுபிடிக்க முடிகிற சத்தங்கள் நல்லவை.

அக்டோபர் 20

டம்ளர் சோதனை. டிரைவர் பக்கத்து சீட்டில் எவர்சில்வர் டம்ளரில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே தண்ணீர் ஊற்றி, தட்டில் வைத்து, ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டினேன். மேடவாக்கம் வரை சொட்டு சிந்தவில்லை. அப்புறம் வெட்டிப் போட்ட சாலையில் கால் டம்ளர் போய்விட்டது. திரும்பும்போது அங்கே வலது ஓரமாக வந்தேன், அதில் பாதிதான் சிந்தியது. எந்த இடத்தில் எந்த ஓரம் என்று தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பிரேக்கருக்கு முதல் கியர். ஏறுவதற்கு முன்னாலேயே பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், பிரேக்கோடு ஏறினால் முன் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அடி வாங்க இடம் இருக்காது.

டொக் இரண்டு முறை வந்தது.

அக்டோபர் 22

அம்மா கண்டுபிடித்தாள்.

காலையில் வண்டியை வெளியே எடுத்தேன். வாசல் சாக்கடைப் பலகையில் பின்சக்கரம் இறங்கும்போது டொக். ஜன்னலோரக் கட்டிலிலிருந்து குரல். "அது கீழேருந்து வரல. மேலேருந்து வருது. டிக்கிகிட்ட." நான் மூன்று வாரமாக அடியில்தான் தேடிக்கொண்டிருந்தேன். டிக்கிப் பக்கம் மேட் விரிப்பையும் அட்டையையும் கழற்றினேன். இடது பின் ஷாக்கின் மேல் நட்டு, விரலாலேயே சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. அடியிலிருக்கிற ரப்பர் வாஷர் அப்பளம் மாதிரி தட்டையாகிவிட்டது. அண்ணன் வந்து ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் மாற்றிவிட்டார்.

பலகையில் ஆறு முறை ஏற்றி இறக்கினேன். ஒவ்வொரு முறையும் ஜன்னலைப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஆறாவது முறை, "போதும், பெட்ரோல் வேஸ்ட் பண்ணாதே" என்றாள்.

அக்டோபர் 24

காலை ஐந்து. நான்கிலும் 26. படுத்தபடியே பெல்ட் போட்டாயிற்று. ஃபைல், தண்ணீர், இரண்டு தலையணை.

இரவு.

போகும்போது ஒரே ஒரு இடத்தில்தான் கையைப் பிடித்தாள், அதுவும் கதவுப் பிடியை இல்லை, என் கையை. பள்ளிக்கரணையில் நாரை நிற்கிறது பார் என்றாள்.

அட்மிட் செய்யச் சொல்லிவிட்டார்கள். ராத்திரிக்குச் சித்தி கூட இருக்கிறாள். நான் துணிமணி எடுக்க வந்தேன். பக்கத்து சீட்டு காலி. இருந்தும் இருபத்து மூன்று பிரேக்கரையும் முதல் கியரில்தான் தாண்டினேன்.

அக்டோபர் 25

இரண்டு முறை போய் வந்தேன். சாய்த்த சீட்டை நிமிர்த்தவில்லை.

அக்டோபர் 26

முன் இடது டயர் 23 காட்டுகிறது. மற்ற மூன்றும் 26. வால்வா, ஆணியா பார்க்க வேண்டும். பஞ்சர் கடை ஏழு மணிக்குத்தான் திறப்பான்.